டயருக்குள் ஒரு டயர்

அன்றைக்குப் பெரம்பலூர் சைக்கிள் கடையில் இருந்தவர்கள் நாலு பேர். நான், என் பெரிய மகள், என் மனைவியின் தம்பி, கடைக்காரர். வேறு ஆள் கிடையாது. என் மனைவி வரவில்லை, ஆடு குட்டி போடும் நாள் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். சின்னவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், பிறகு எங்கள் ஊரில் ஆளாளுக்கு "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. டயர் விஷயத்தில் பேசியது நாங்கள் நாலு பேர்தான்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் ஏழாவதோடு நின்றவன். பெரம்பலூரில் ஒரு மக்காச்சோளக் குடோனில் மூட்டை தைக்கிறேன். பெரியவள் வேதியியல் படித்தாள். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள். படிப்பு முடிந்து வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தவளை, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒரு வருஷம். முழுசாக முடித்தால் சான்றிதழ் உண்டு, அங்கேயே வேலை போட்டுக்கொடுப்பதும் உண்டு. நடுவில் நின்றால் ஒன்றும் கிடையாது. அந்த ஒரு வருஷத்தை முடித்துவிடவேண்டும் என்பதுதான் அப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே நினைப்பு.

காலை ஆறு மணிக்கு ஷிப்ட். அந்நேரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் இல்லை. கம்பெனி பஸ் டவுனிலிருந்து கிளம்பும், எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காது. ஸ்கூட்டி வாங்கிக்கொடுத்தால் மெயின் ரோட்டில்தான் போகவேண்டும். விடியற்காலையில் அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். எத்தனை நடை அடித்தார்கள் என்று பார்த்துச் சம்பளம் கொடுத்தால் எவன் நிதானமாக ஓட்டுவான்? அந்த ரோட்டில் செத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. என் மச்சினனே டிப்பர் ஓட்டுகிறவன்தான். "பாப்பாவ அந்த ரோட்டுல மட்டும் விட்றாதீங்க மச்சான்" என்று அவனே சொன்னான். நான் மோட்டார் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. பயம்தான், வேறு காரணம் சொல்வதற்கில்லை. கொண்டுபோய் விடவும் ஆள் இல்லை என்றாகிவிட்டது.

இன்னொரு வழி இருந்தது. கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பழைய சுரங்கத்தின் ஓரமாக ஒரு பாதை ஆலையின் பின் கேட்டுக்குப் போகிறது. முன்பு டிப்பர்கள் ஓடிய பாதை. இப்போது குறுக்கே கம்பம் போட்டு மோட்டார் வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள். நடந்துபோகிறவர்களையும் சைக்கிளையும் ஆட்டையும் காவல்காரர் விடுவார். பாதை முழுக்க உடைந்த கல். ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம், மறுபக்கம் சீமைக்கருவேலங்காடு. அவள் காலேஜுக்கு ஓட்டிய சைக்கிளில் முதல் வாரம் போனாள். கம்பிகள் படபடவென்று அறுந்து சக்கரம் அப்பளமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஆலையில் ஒரு இன்ஜினியர் வடக்கே மாற்றலாகிப் போனார். உடம்பு குறைப்பதற்காக வாங்கி நாலு தடவை ஓட்டிய சைக்கிள் ஒன்றை வந்த விலைக்குக் கொடுத்தார். செம்மறிக்கிடாய்க் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். தூக்கினால் ஒற்றைக் கையில் வந்துவிடும். கல் பாதைக்கென்றே செய்த சைக்கிளாம். ஆனால் அவர் தார் ரோட்டில் ஓட்டுவதற்காக மெலிசான வழவழ டயர் மாட்டிவைத்திருந்தார். அதை மாற்றத்தான் பெரம்பலூர் போனோம்.

கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"கிராவல் பைக்குங்க இது. நம்ம ஊருக்கு இதான் ரெண்டாவது வண்டி."

மச்சினன் சிரித்தான். "கிராவலா? கிராவல்னா நாங்க லோடு அடிக்கிற செம்மண்ணுங்க. அதுக்குப் போயி ஒரு சைக்கிளா? என்னா பாப்பா, எத்தன யூனிட் ஏத்தலாம் இதுல?"

"உங்களத் தவிர எல்லாத்தையும் ஏத்தலாம் மாமா."

கடைக்காரரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் டயர் பேச்சுதான்.

டயரின் பக்கவாட்டில் எண் எழுதியிருந்தது. எழுநூறுக்கு இருபத்தெட்டு. எழுநூறு சக்கரத்தின் அளவு, அது மாறாது. இருபத்தெட்டு டயரின் அகலம், அதைத்தான் மாற்றவேண்டும் என்று விளக்கினார். முப்பத்தைந்து இருக்கிறது, நாற்பது இருக்கிறது, நாற்பத்தைந்து இருக்கிறது. மாதிரிக்கு மூன்றையும் எடுத்து மேஜைமேல் போட்டார். முப்பத்தைந்தில் அரம் மாதிரிப் பொடிப்பொடியாகக் கோடு. நாற்பதில் நடுவில் நெருக்கமாகச் சின்னச்சின்ன மணி, ஓரத்தில் மட்டும் பல். நாற்பத்தைந்து முழுக்கப் பல், டிராக்டர் டயரின் குட்டி மாதிரி இருந்தது.

எனக்குப் பார்த்தவுடன் அந்தப் பெரியதுதான் பிடித்தது.

"பெரிசு போட்டா பாதுகாப்புதானுங்களே?" என்றேன்.

"போடலாங்க. ஆனா இங்க பாருங்க." டயரை வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டிக் குச்சிதான் நுழையும். "மழைல சேறு அப்புச்சுன்னா சக்கரம் அப்படியே நின்னுரும். பாதைல கரிசல் இருக்கா?"

இருந்தது. கடைசி ஒரு பர்லாங்கு சுத்தக் கரிசல். மழை பெய்தால் செருப்பைக்கூடக் காலிலிருந்து உருவிக்கொள்ளும். பெரிசு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

"நாப்பதுதாம்ப்பா" என்றாள் மகள். "முப்பத்தஞ்சு கல்லுல குதிக்கும். நாப்பதுல காத்தைக் கொஞ்சம் கம்மியா வச்சா கல்லு மேல அமுங்கிப் போகும். வீடியோவுல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"காத்து கம்மியாவா?" மச்சினனுக்கு அது பொறுக்கவில்லை. "கல்லுல போற டயருக்குக் காத்து கம்மியா வப்பாங்களா? டயரு கல்லு மாதிரி இருக்கணும். தொட்டா டங்குன்னு சத்தம் வரணும்."

"உங்க லாரிக்கு இருபது டன் லோடு மாமா. நான் நாப்பத்தேழு கிலோ."

"டன்னோ கிலோவோ, கல்லு ஒரே கல்லுதான் புள்ள."

கடைக்காரர் மகள் பக்கம்தான் பேசினார். ஆள் எடைக்குத் தகுந்த காற்று போதும் என்றார். நாற்பது என்று முடிவாயிற்று. அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பிறகு முள்ளைப் பற்றி நான் கேட்டேன்.

சீமைக்கருவேல முள் டயரை ஊசி மாதிரித் துளைத்துவிடும். டியூப் இல்லாமல் உள்ளே பால் ஊற்றி ஓட்டுகிற டயர் உண்டு, முள் குத்தினால் அந்தப் பால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். ஆனால் இந்தச் சக்கரத்தின் வளையம் அதற்கு ஒத்துவராது, சக்கரத்தையே மாற்றவேண்டும். சொன்ன விலை சைக்கிளின் விலையைவிட அதிகம். டியூப்தான் போடவேண்டும். டியூப் என்றால் பஞ்சர் உண்டு.

பஞ்சர் ஆவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பஞ்சரானால் அவள் நிற்கவேண்டும். காலை ஐந்து மணி இருட்டில், பள்ளத்துக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில், ஒரு பெண்பிள்ளை தனியாகச் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு நிற்கவேண்டும். கேட்க ஒரு நாதி இருக்காது. இதைக் கடையில் வாய்விட்டு நான் சொல்லவில்லை. மச்சினனும் சொல்லவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன், அவனுக்கும் அதே நினைப்புத்தான்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றான். "லாரில டியூப்புக்கு அடில ஃப்ளாப்புன்னு ஒரு ரப்பர் பட்டை வைக்கிறோம்ல? அது மாதிரி இதுக்கும் ஒண்ணு வச்சிருவோம். பழைய சைக்கிள் டயர எடுத்து ரெண்டு ஓரத்தையும் அறுத்துட்டு, நடு பட்டைய மட்டும் டயருக்குள்ள சுத்திவச்சு, அதுக்குள்ள டியூப்ப வச்சா முள்ளு எங்க போவும்? டபுள் டயரு."

மகள் தலையை ஆட்டினாள். "வேணாம் மாமா. மெத்துன்னு அமுங்கணும்னுதான் இதை வாங்குறோம். உள்ள இன்னொண்ணைத் திணிச்சா எப்படி அமுங்கும்?"

"மெத்துன்னு அமுங்க அது என்ன தலகாணியா? ஏங்க, நீங்க சொல்லுங்க."

கடைக்காரர் காதைச் சொறிந்தார். "பால்காரங்க வைப்பாங்க. கேரியர் வச்ச சைக்கிளுக்கு நானே வச்சுக் குடுத்திருக்கேன். இந்த வண்டிக்கு வச்சதில்லைங்க. வச்சா கெட்டுரும்னும் சொல்லத் தெரியல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பாதையில் முள் இருக்கிறது, உள்ளே வைத்துவிடுவோம் என்றேன். மகள் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய்விட்டாள்.

டயர் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மாட்டினான். அவன் அசட்டையாகச் செய்தான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். பழைய டயரின் ஓரங்களைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு அறுத்தான். அறுத்த விளிம்பைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கினான். டியூப்பில் ஒட்டாமல் இருக்க என் மனைவியின் முகப்பவுடரைக் கொட்டித் தடவினான். "ஏன்டா, அது ரெண்டு மாசத்துக்கு வரும்டா" என்று அவள் கத்தினாள். "உன் மூஞ்சிக்குப் போட்டு என்னாத்துக்கு ஆவப்போவுது, டியூப்புக்காவது பிரயோசனமா இருக்கட்டும்" என்றான். முடித்ததும் சைக்கிளைத் தூக்கித் தரையில் போட்டான். அது பந்து மாதிரி எழும்பியது. "எந்த முள்ளு வருது பாப்போம்" என்றான்.

மகள் ஓட்டிப் பார்த்தாள். "கட்டை மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை நடந்தது. வாயால் நடந்த சண்டை இல்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நான் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். கொஞ்சம் இளகியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்தச் சைக்கிளின் வால்வு மெலிசான மூக்கு, ஊர்ப் பம்பு அதில் நிற்காது. நடுவில் ஒரு சின்னப் பித்தளை மூடியைத் திருகிக்கொண்டுதான் அடிக்கவேண்டும். அதைத் திருகி, டங்கென்று ஆகும்வரை அடித்துவைப்பேன். அவள் காலையில் கம்பத்தைத் தாண்டியதும் இறங்கிக் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிடுவாள். காவல்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "ஒம் பொண்ணு தினமும் வண்டிகிட்ட குனிஞ்சு உஸ்ஸுங்குதே, என்னாப்பா அது?" என்றார். நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் நான் அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அடிப்பதும் அவள் பிடுங்குவதுமாக மாசங்கள் போயின.

ஒன்று சொல்லவேண்டும். பஞ்சர் ஆகவே இல்லை. வெயில் காலம் போய் ஆடிக் காற்று வந்தது, அதுவும் போயிற்று. ஊரில் மற்ற சைக்கிள்கள் வாரம் ஒரு தடவை பஞ்சர்க் கடைக்குப் போய்வந்தன. இவள் சைக்கிள் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மச்சினன் வரும்போதெல்லாம் டயரில் ஒட்டியிருக்கும் முள்ளை நகத்தால் பிடுங்கி எனக்குக் காட்டுவான். "பாத்தீங்களா மச்சான், இது உள்ள வரைக்கும் போயிருக்கவேண்டிய முள்ளு."

அவள் மத்தியானம் திரும்பி வரும்போது தலைமுதல் கால்வரை வெள்ளையாக இருப்பாள். புருவத்தில்கூடக் கல்தூசி. தண்ணீர்க் குழாயில் நிற்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"என்னாடி, மாவு மில்லுலயா வேல?"

"ஆமாக்கா. அடுத்த தடவ அரிசிய குடுத்து விடுங்க, அரைச்சாறேன்."

"இப்புடிக் குனிஞ்சு குனிஞ்சு ஓட்டுனா முதுகு கூனிப்போயிரும். எவன் கட்டுவான்?"

"கூனன் எவனாவது கெடைப்பான்க்கா."

இப்படிப் பதில் சொல்லிவிட்டு வந்து எங்களிடமும் சிரித்துச் சொல்வாள். ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறாள் என்று சின்னவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். இடது கையால் கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வலது கையால் கீழே இருக்கிற குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நிறம் மாறுகிற அந்தச் சொட்டில் நிறுத்தவேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு தப்பு, முதலிலிருந்து செய்யவேண்டும். "இப்ப எனக்கு ஒரு சொட்டுகூட தப்பாதுப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். என் மனைவி திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

மழைக்காலம் வந்ததும் எனக்குக் கவலை கரிசலுக்கு மாறியது. ஒரு குச்சியைச் சீவி, சேற்றைச் சுரண்டுவதற்காக அவள் பையில் வைத்தேன். நாற்பது போட்டதால் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் இடம் இருந்தது. சேறு அப்பினாலும் சக்கரம் சுற்றியது. அந்த மட்டில் கடைக்காரர் சொன்னது சரிதான்.

கார்த்திகையில், ராத்திரி பெய்த மழை விடிந்த பிறகு விட்ட ஒரு காலை; அவள் அன்றைக்கு நேரம் கழித்துத்தான் கிளம்பினாள். குடோனில் முதல் மூட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறேன், போன் வந்தது. யாரோ ஒரு அம்மா, ஆடு மேய்க்கிறவர். "ஏங்க, பொட்டப்புள்ள ஒண்ணு சைக்கிளோட கெடக்குது. ஒங்க நம்பரத்தான் சொல்லுச்சு. பயப்படாதீங்க, பேசுது" என்றார். பயப்படாதீங்க என்று சொன்ன பிறகு அந்த அம்மா என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. குடோன்காரர்தான் போனை வாங்கி இடத்தைக் கேட்டு, தன் வண்டியில் என்னைக் கம்பம் வரை கொண்டுபோய் விட்டார்.

பள்ளத்தின் ஓரமாகப் பாதை இறங்குகிற இடம். இறக்கத்தில் முன்சக்கர டியூப் வெடித்திருக்கிறது. பட்டாசு மாதிரிச் சத்தம் கேட்டது என்று அந்த அம்மா சொன்னார். மகள் முன்னால் பறந்து வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். பள்ளத்துக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு ஆள் தூரம்தான். மணிக்கட்டு மனுஷர் கை மடங்குகிற விதத்தில் இல்லை. அவள் அழவில்லை. "லேப் மேடத்துக்குப் போன் பண்ணி லேட்டாவும்னு சொல்லுப்பா" என்றாள். லேட்டாகும் என்றுதான் சொன்னாள், வரமுடியாது என்று சொல்லவில்லை.

முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது, மாவுக்கட்டு போட்டால் கூடும், ஆனால் சுழற்றுவது பழையபடி வருமா என்று சொல்லமுடியாது, தகடு வைத்தால் தேவலை என்றார்கள். சுழற்றுவது என்ற அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் குடுவையைத்தான் காட்டியது. திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே காப்பீட்டு அட்டை செல்லாது, முன்பணம் கட்டினால்தான் தியேட்டருக்குள் ஏற்றுவோம் என்றார்கள். மச்சினன் லாரியைப் போட்டபடி போட்டுவிட்டு வந்திருந்தான். அவன் கீழே இறங்கிப் போனான். மத்தியானத்துக்குள் பணத்தோடு வந்து கட்டினான். எங்கே வாங்கினான் என்று அந்த நேரத்தில் நான் கேட்கவில்லை.

தகடு வைத்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அவன் சைக்கிளைப் பிரித்தான். முன்டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டு டியூப்பை உருவினான். டியூப்பில் நீளமாக ஒரு பிளவு. பிளேடால் கிழித்த மாதிரி நேராக இருந்தது.

"கல்லு கிழிச்சிருக்கு" என்றான். குரலில் தெம்பே இல்லை.

மகள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வெளி டயரை வாங்கிச் சுற்றிப் பார்த்தாள். அதில் ஓட்டை இல்லை, விழுந்ததில் ஓரம் மட்டும் பிய்ந்திருந்தது. உள்ளே இருந்த பழைய டயர்ப்பட்டை ஒரு பக்கமாக நகர்ந்து மடங்கிக் கிடந்தது. அதன் அறுத்த விளிம்பு இருந்த கோட்டிலேயே டியூப் தேய்ந்து, தேய்ந்த இடத்தில் பிளந்திருந்தது. நான் அடித்து அவள் பிடுங்கி, மறுபடி நான் அடித்து, உள்ளே அந்தப் பட்டை அரக்கி அரக்கி வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. மாசக்கணக்கில்.

"இல்ல மாமா" என்றாள். "உள்ளேருந்துதான்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. வெந்நீர் சுட்டுவிட்டது என்று சொல்லுகிற மாதிரித்தான் சொன்னாள். மச்சினன் அந்தப் பட்டையைக் கையில் எடுத்துச் சுருட்டினான். எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தான். கடைசியில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தான். "காப்பி குடிச்சிட்டுப் போடா" என்று அவன் அக்கா கூப்பிட்டாள். "லோடு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு அவன் வரவில்லை. பொங்கலுக்குச் சீர் வரிசையைத் தன் பொண்டாட்டியிடம் கொடுத்தனுப்பினான்.

ஆலையில் நல்லபடியாகத்தான் பேசினார்கள். இத்தனை நாளைக்குமேல் லீவு தர விதி இல்லை, இருந்தாலும் தை கடைசிக்குள் வந்து வேலை செய்து காட்டினால் மீதி மாசங்களை முடிக்கவிடுகிறோம் என்று ஆய்வுக்கூட மேடம் போனில் சொன்னார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து மகள் பயிற்சி எடுத்தாள். சொம்பில் பாதி தண்ணீர் ஊற்றி, வலது கையில் பிடித்துச் சுழற்றுவாள். தண்ணீர் வட்டமாகச் சுற்றவேண்டும், வெளியே தளும்பக்கூடாது. முதலில் சொம்பே கையில் நிற்கவில்லை. பிறகு நின்றது. பிறகு தண்ணீர் பக்கவாட்டில் ஆடியது. வட்டமாக மட்டும் சுற்றவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னவள் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். நான் வேப்பெண்ணெய், ஒத்தடம், பெல்ட்டு என்று யார் என்ன சொன்னாலும் வாங்கிவந்தேன். போதும்ப்பா, போதும்ப்பா என்பாள்.

தை கடைசியில் அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். என்னை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிரே டிப்பர்கள் எடை மேடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தூசி கிளம்பியது. மத்தியானம் வரை நின்றேன். உள்ளே நேரம் ஆக ஆக நல்லது, வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, நேரம் ஆக ஆகக் கெட்டது, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள் என்றும் நினைத்தேன்.

அவள் வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

"மூணு தடவ செஞ்சேம்ப்பா. மூணுலயும் சொட்டு தாண்டிப்போச்சு. மேடம் பாவம், நாலாவது தடவையும் குடுத்தாங்க. நாந்தான் போதும்னு சொல்லிட்டேன்."

"அடுத்த வருஷம் மறுபடி..."

"பயிற்சிக்கு வயசு தாண்டிரும்ப்பா. வா, பஸ் போயிரும்."

இப்போது பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். காலை ஒன்பது மணிக்குப் போனால் போதும், பஸ் இருக்கிறது. இடது கையாலேயே தட்டிவிடுகிறாள். குழாயடியில் இப்போது யாரும் அவளைக் கேலி பேசுவதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தை மச்சினன் தன் லாரி முதலாளியிடம் முன்பணமாக வாங்கியிருக்கிறான். எழுபதாயிரம். அது தீரும்வரை அவன் வேறு வண்டிக்கு மாறமுடியாது. அவர் சொல்கிற நடையை ஓட்டவேண்டும், தருகிற படியை வாங்கிக்கொள்ளவேண்டும். இதை அவன் பொண்டாட்டி பொங்கலன்றைக்கு என் மனைவியிடம் அழுதுகொண்டே சொன்னாள். மகள் வேலைக்குப் போனதிலிருந்து அவள் சம்பளத்தில் ஒரு பங்கும் என் கூலியில் ஒரு பங்குமாகச் சேர்த்து மாசாமாசம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போவதில்லை. கல் குவாரிக்குப் போகிற முக்கில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே லாரியை ஓரங்கட்டுவான்.

போன வாரமும் கொடுத்தேன். எண்ணாமல் சட்டைப்பையில் வைத்தான். எனக்கு ஒரு டீ சொன்னான், தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

"கை எப்புடி?"

"மடங்குது மாப்ள. தூக்கறதுக்கெல்லாம் ஒண்ணுமில்ல."

"ம்."

லாரி இன்ஜினை நிறுத்தாமலே வந்திருந்தான். அது நின்ற இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருந்தது.

"சைக்கிள வித்துட்டீங்களா?"

"வித்துரலாம்னுதான் சொன்னேன். அவ வேணாங்கிறா. முன்டயரு புதுசு ஒண்ணு வாங்கித் தாங்க, ஞாயித்துக்கெழம மட்டும் ஓட்டுறேங்கிறா. எனக்கு மனசே இல்ல."

"நாப்பதா?"

"நாப்பதுதான்."

அவன் லாரிக் கதவைத் திறந்தான். "உள்ள ஒண்ணும் வைக்காதீங்க மச்சான்" என்றான். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

டீயைக் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். அன்றைக்குக் கொடுத்தது போக அவனுக்கு இன்னும் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.